வைத்தியசாலை ஊழியர் நலன்: கடமைப் பட்டியலிலிருந்து தொடங்குவது எப்படி

கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலைகள் பலவற்றில் வருடத்துக்கு ஒரு நாளை ஊழியர் நல தினமாக நடத்துவது வழக்கமாகிவிட்டது. காலையில் யோகாசனம், பிறகு இரத்த அழுத்தப் பரிசோதனை, மன அழுத்தம் பற்றி ஒரு விரிவுரை, மதியம் சாப்பாட்டுப் பொதி, கையில் ஒரு டீ-சேர்ட் என்று அந்த நாள் முடிகிறது. முதல் நாள் இரவு முழுவதும் விழித்திருந்த தாதி அதற்கு வருவதில்லை. வந்தாலும் விரிவுரையின் பாதியில் கண்ணயர்ந்து விடுகிறார். துப்புரவுப் பணியாளர்களை அனுப்புவது ஒப்பந்த நிறுவனம் என்பதால், அவர்களின் பெயர்கள் அழைப்புப் பட்டியலிலேயே இருப்பதில்லை. நோயாளிகளுக்கு மிக அருகில் நின்று, மிகக் கடினமான நேரத்தில் வேலை செய்கிறவர்களே இந்த ஏற்பாட்டிலிருந்து முதலில் விடுபடுகிறார்கள்.

இந்த வழிகாட்டி வைத்தியசாலை முகாமையாளர்கள், தாதியர் பொறுப்பாளர்கள், மனிதவளப் பிரிவினர் ஆகியோருக்கும், நான்கைந்து பேரை வைத்துச் சிறு மருத்துவ நிலையம் நடத்துகிறவர்களுக்கும் எழுதப்படுகிறது. அரச வைத்தியசாலையில் ஒரு நோயாளர் விடுதிக்குப் பொறுப்பாக இருப்பவர் சம்பளத்தையோ ஆளணியையோ மாற்ற இயலாது என்றாலும், இங்கே சொல்லப்படுபவற்றில் ஏறத்தாழப் பாதியை எவருடைய அனுமதியுமின்றித் தம் விடுதிக்குள்ளேயே செய்துவிட முடியும். ஊழியர் எப்போது வேலைக்கு வருகிறார், எப்போது உறங்குகிறார், எங்கே அமர்ந்து சாப்பிடுகிறார், தவறு நேர்ந்தால் அவரிடம் எப்படிப் பேசப்படுகிறது என்பவற்றிலேயே நலனின் பெரும்பகுதி தங்கியிருக்கிறது என்பது இந்த வழிகாட்டியின் நிலைப்பாடு. யோகாசனத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்கு முன் செய்ய வேண்டியவை உள்ளன.

இந்த வரிசைக்கு மருத்துவ அடிப்படையும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வைத் தனது பதினோராவது சர்வதேச நோய் வகைப்பாட்டில் விளக்கியபோது, அதை ஒரு நோயாகக் கொள்ளாமல், உரிய முறையில் கையாளப்படாத நீடித்த வேலைத்தள அழுத்தத்தால் தோன்றும் தொழில்சார் நிலைமை என்றே வரையறுத்தது. சக்தி முழுவதும் வற்றிப்போன உணர்வு, வேலையிலிருந்து மனத்தால் விலகி நிற்றல் அல்லது அதன்மீது வெறுப்புக் கொள்ளுதல், தன் வேலைத்திறன் குறைந்துவிட்டது என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். காரணம் வேலைத்தளத்தில் இருப்பதால், பரிகாரத்தின் பெரும்பங்கும் அங்கேயே தொடங்க வேண்டியிருக்கிறது. இத்துறையில் நீண்டகாலம் ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கல் லீட்டர் ஆகிய இருவரும் வேலைப்பளு, தன் வேலைமீது தனக்குள்ள கட்டுப்பாடு, கிடைக்கும் வெகுமதி, சக ஊழியர் உறவு, நியாயம், விழுமியங்கள் என ஆறு இடங்களில் அந்தக் காரணங்களைத் தேடச் சொன்னார்கள். அந்த ஆறில் ஒன்றையேனும் தொடாத நலத்திட்டம் ஊழியரின் பொறுமையை இன்னும் சில மாதங்கள் நீட்டி வைப்பதோடு நின்றுவிடும்.

முதலில் கேட்டறிதல்

திட்டம் எழுதுவதற்கு முன் இரவில் ஒருமுறை உங்கள் வைத்தியசாலையைச் சுற்றி நடந்து பாருங்கள். அதிகாலை 3 மணிக்குத் தாதியர் எங்கே தேநீர் குடிக்கிறார்கள், அவர்களுக்குச் சாய்ந்து அமர ஒரு கதிரை இருக்கிறதா, ஊழியர் கழிப்பறைக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், சிற்றுண்டிச்சாலை எத்தனை மணிக்கு மூடப்படுகிறது என்பவற்றை எந்தக் கேள்விக்கொத்தும் அந்த நடையைப் போலத் தெளிவாகக் காட்டாது.

அதன் பின் எழுத்தில் கேளுங்கள். கோப்பன்ஹேகன் பணிச்சோர்வு அளவீடு 19 கேள்விகளைக் கொண்டது, கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடியது. தனிப்பட்ட சோர்வு, வேலையால் வரும் சோர்வு, நோயாளிகளுடன் பழகுவதால் வரும் சோர்வு என்று மூன்று பகுதிகளாக அது பிரிந்திருப்பதால், எதை முதலில் சரிசெய்வது என்ற முடிவுக்கு உதவுகிறது. கேள்விகளைத் தமிழிலும் சிங்களத்திலும் தருவது கட்டாயம். மொழிபெயர்த்ததை அந்த வேலையையே செய்கிற இரண்டு மூன்று பேரிடம் வாசிக்கக் கொடுத்து, அவர்கள் ஒவ்வொரு கேள்வியையும் எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்று கேட்டுத் திருத்திய பிறகே அனைவருக்கும் வழங்க வேண்டும். எழுத வாசிக்கச் சிரமப்படும் பணியாளர்களிடம், அவர்களுக்கு மேலதிகாரியாக இல்லாத ஒருவர் அமர்ந்து வாசித்துக் கேட்கலாம்.

பெயர் கேட்காமல் விட்டால் மட்டும் இரகசியம் காக்கப்பட்டுவிடாது. ஆறு பேர் வேலை செய்யும் சத்திரசிகிச்சைக் கூடத்தில் வயது, பால், சேவைக்காலம் ஆகிய மூன்றையும் நிரப்பச் சொன்னால் எவர் எழுதியது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பத்துப் பேருக்குக் குறைந்த பிரிவுகளின் முடிவுகளைத் தனியாக வெளியிடாமல் அருகிலுள்ள பிரிவோடு சேர்த்துவிடுங்கள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விடுவது கேட்காமல் இருப்பதைவிடக் கேடானது என்பதால், முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் எதை மாற்றப்போகிறீர்கள், எதை இப்போதைக்கு மாற்ற இயலாது, ஏன் என்பதை மூன்று மொழிகளிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

கடமைப் பட்டியல்

நம் வைத்தியசாலைகளில் பரிவுக்கான மிகப் பெரிய வாய்ப்பு கடமைப் பட்டியல் எழுதும் மேசையில் இருக்கிறது. பல இடங்களில் இரவுக் கடமை மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரை நீள்கிறது. காலைக் கடமையை முடித்தவரே ஆள் பற்றாக்குறையால் அன்றிரவும் அழைக்கப்படுவதுண்டு. தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கவனமும் எதிர்வினை வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு ஒப்பாகக் குறைகின்றன என்றும், 24 மணித்தியாலம் கடந்தால் அது ஏறத்தாழ 0.10 சதவீதத்துக்கு ஒப்பாகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இலங்கையில் வாகனம் ஓட்டுவதற்கான சட்ட வரம்பு 0.08 சதவீதம். காலி வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தகுதியற்ற நிலையிலுள்ள ஒருவரிடம் இன்சுலின் அளவைச் சரிபார்க்கச் சொல்கிறோம் என்பதைப் பட்டியல் எழுதுபவர் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

பட்டியல் நான்கு வாரங்களுக்கு முன்பே வெளியாக வேண்டும். கொழும்பில் பணியாற்றும் தமிழ் பேசும் ஊழியர்களில் பலர் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் பக்கமிருந்து வந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். பொங்கலுக்கு வீட்டுக்குப் போவதானால் புகையிரத ஆசனத்தை வெகுமுன்னரே ஒதுக்க வேண்டும்; இரண்டு நாட்களுக்கு முன் கிடைக்கும் விடுமுறை அவர்களுக்குப் பயன்படாது. கம்பஹாவிலிருந்தும் பாணந்துறையிலிருந்தும் தினமும் வந்து போகிறவர்களுக்கு வேறு கணக்கு: இரண்டு கடமைகளுக்கிடையில் குறைந்தது 11 மணித்தியாலம் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேர விதி, அதை நாமும் அளவாகக் கொள்ளலாம், ஆனால் போக்குவரத்தில் கழியும் மூன்று மணித்தியாலத்தையும் பொறுப்புக் கையளிப்பில் நீளும் முக்கால் மணித்தியாலத்தையும் ஓய்வாகக் கணக்கிடலாகாது.

கடமைகள் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழல்வது உடலுக்கு எளிது. இரவிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து காலைக்கும் பின்னோக்கிச் சுழலும்போது உறக்கம் வருவது கடினமாகிறது. தொடர்ச்சியாக மூன்று இரவுகளுக்கு மேல் ஒருவருக்கு ஒதுக்காதீர்கள். இரவுக் கடமையில் முறைவைத்து ஒவ்வொருவரும் இருபது நிமிடம் கண்மூடுவதற்கு எழுத்து மூலம் அனுமதி கொடுங்கள். எழுத்து மூலம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லா விடுதிகளிலும் எப்படியோ அது நடக்கவே செய்கிறது. ஆனால் ஒளிந்து உறங்குபவர் நல்ல ஓய்வும் பெறுவதில்லை, அவசரத்துக்கு எழுப்பவும் எவருக்கும் அவர் இருக்குமிடம் தெரிவதில்லை. அதிகாலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் விழிப்பு நிலை மிகவும் தாழ்ந்திருப்பதால், கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்துகளை அந்த நேரத்தில் இருவர் சேர்ந்து சரிபார்க்கும் முறையை வைத்திருங்கள். காலையில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறவர்கள் புறப்படுமுன் ஒரு மணித்தியாலம் படுத்தெழ அறை திறந்திருக்கட்டும்.

இங்கே ஒரு சிக்கலை மறைக்காமல் பேச வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் குடும்பம் நடத்துவது பலருக்கு இயலாமற் போயிற்று. மேலதிக நேரக் கொடுப்பனவை நம்பியே வாடகையும் பிள்ளைகளின் ரியூஷன் கட்டணமும் போகின்றன. ஒரு வைத்தியசாலையில் கடமை முடித்து இன்னொன்றில் பகுதிநேரமாகச் செல்கிறவர்களும் உண்டு. ஆகவே, ஓய்வு கொடுக்கிறோம் என்று மேலதிக நேரத்தை ஒரேயடியாக வெட்டுகிற முகாமையாளர் அவர்களின் உறக்கத்தை வேறொரு வைத்தியசாலைக்கு விற்க அனுப்புகிறார் என்பதே உண்மை. முதலில் தண்டனைப் பயமின்றி உண்மையான மொத்த நேரத்தைச் சொல்லக்கூடிய சூழலை உண்டாக்குங்கள். பிறகு, மேலதிக நேரத்தைப் படிப்படியாகக் குறைக்கும்போது அதற்கு ஈடாக இரவுக் கொடுப்பனவையோ போக்குவரத்துக் கொடுப்பனவையோ உயர்த்த முடியுமா என்று கணக்குப் பிரிவுடன் பேசுங்கள். விலகிச் செல்லும் ஒரு பயிற்றப்பட்ட தாதியின் இடத்துக்குப் புதியவரைத் தேடிப் பழக்குவதற்கு ஆகும் செலவை அந்தப் பேச்சின்போது மேசையில் வைத்தால் உரையாடல் எளிதாகும். வெளிநாட்டு வாய்ப்புகள் திறந்திருக்கும் இக்காலத்தில் அச்செலவு எந்த நிருவாகத்துக்கும் புதிதன்று.

பண்டிகை விடுமுறையில் கொழும்புக்கு ஒரு வசதி இருக்கிறது. நான்கு மதத்தவரும் ஒரே விடுதியில் வேலை செய்வதால், வெசாக், தீபாவளி, நத்தார், பெருநாள் ஆகியவற்றுக்கான மாற்றங்களை ஜனவரியிலேயே பேசி எழுதிவிட முடியும். வருடம் முழுவதற்கும் ஒரே தாளில் எழுதுவது முக்கியம். போன வருடம் யார் விட்டுக்கொடுத்தார் என்ற வாய்த்தகராறு அதனால் குறைகிறது. ரமழானில் மாலை நோன்பு திறக்கும் நேரம், 7 மணிக் கையளிப்புக்கு முன்னான பரபரப்போடு வந்து சேர்கிறது. பத்து நிமிட ஏற்பாடு ஒன்றை அந்த மாதத்துக்கு மட்டும் பட்டியலிலேயே குறித்துவிட்டால், ஒவ்வொரு நாளும் ஒருவர் தயங்கித் தயங்கி அனுமதி கேட்க வேண்டியதில்லை.

எதிர்பார்க்கக்கூடிய நெருக்கடிக் காலங்களும் உண்டு. தென்மேற்குப் பருவமழையோடு மே முதல் ஜூலை வரை டெங்கு கூடுவதைக் கொழும்பில் எவரும் அறிவர். 2017இல் நாடு முழுவதும் 186,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். அந்த மாதங்களுக்கான மேலதிக ஆட்களின் பட்டியலை ஏப்ரலிலேயே தயாரித்து, நெருக்கடி தணிந்தபின் எவருக்கு எப்போது ஈட்டு விடுமுறை என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். பின்னர் தருவோம் என்று வாயால் சொல்லப்பட்ட ஈட்டு விடுமுறை பெரும்பாலும் வந்து சேர்வதில்லை.

உடல்

ஹெப்பரைற்றிஸ் பி தடுப்பூசி தொடக்கத்திலும், ஒரு மாதத்திலும், ஆறாம் மாதத்திலுமாக மூன்று தடவை போடப்படுகிறது. கடைசி ஊசிக்கு ஒன்று அல்லது இரண்டு மாதங்களுக்குப் பின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவைச் சோதிக்க வேண்டும். வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் இது ஓரளவு ஒழுங்காக நடக்கிறது. ஊசிகளும் இரத்தம் தோய்ந்த துணிகளும் கலந்த கழிவுப் பைகளைத் தூக்குகிற துப்புரவுப் பணியாளருக்கு நடக்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதம் முடியுமுன் அவர் வேறிடம் மாற்றப்படக்கூடும் என்பதால், போட்ட ஊசிகளின் பதிவு அட்டையை அலுவலகக் கோப்பில் மட்டும் வைக்காமல் அவர் கையிலும் கொடுக்க வேண்டும்.

ஊசி குத்திவிட்டால் செய்ய வேண்டியவை கைகழுவும் ஒவ்வொரு தொட்டிக்கு மேலும் மூன்று மொழிகளில் ஒட்டப்பட்டிருக்கட்டும்: காயத்தைப் பிதுக்காமல் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கழுவுதல், உடனே அறிவித்தல், எந்த நோயாளிக்குப் பயன்பட்ட ஊசி என்பதைக் குறித்தல். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்படுமானால் சில மணித்தியாலங்களுக்குள் தொடங்குவதே நல்லது. 72 மணித்தியாலத்தைக் கடந்தபின் தொடங்குவதில் பயனில்லை. தொடங்கினால் 28 நாட்கள் எடுக்க வேண்டும். இரவு 2 மணிக்கு ஊசி குத்திய பணியாளர் காலையில் மேற்பார்வையாளர் வரும்வரை காத்திருக்கும் நிலை இருந்தால், அந்த வைத்தியசாலையில் விதி எழுதப்பட்டிருப்பதனால் ஆவது ஒன்றுமில்லை. இரவில் மருந்தைத் திறந்து கொடுக்கக்கூடியவர் யார், அறிவுரை எவரிடம் பெறுவது என்பவற்றைப் பெயரோடும் தொலைபேசி இலக்கத்தோடும் எழுதி வையுங்கள். கொழும்பு 10இலுள்ள தேசிய பாலியல் நோய், எய்ட்ஸ் தடுப்பு நிகழ்ச்சித்திட்டத்தோடு முன்கூட்டியே பேசி நடைமுறையை ஒழுங்குபடுத்திக்கொள்வது தனியார் நிறுவனங்களுக்கு உகந்தது.

நோயாளியைத் தூக்குவதால் வரும் முதுகுவலியைத் தாதியரும் உதவியாளர்களும் தொழிலின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நோயாளியைத் தூக்காமல் நகர்த்த உதவும் வழுக்குத் துணி ஒன்றும், உயரத்தை மாற்றக்கூடிய கட்டிலும், தனியாகத் தூக்கக்கூடாது என்ற கண்டிப்பும் அதில் பெரும்பகுதியைத் தடுக்கும். உணவு, நீர், கழிப்பறை பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. இரவில் சூடான சோறோ இடியப்பமோ கிடைக்க வழிசெய்யுங்கள். இரவு 10 மணிக்குப் பின் ரோல்ஸும் இனிப்புத் தேநீரும் மட்டுமே கிடைக்கும் இடத்தில் நீரிழிவு பற்றி விரிவுரை நடத்துவது வீண்வேலை. ஊழியர் கழிப்பறையில் அணையாடைகள் இருக்கட்டும்.

84 நாள் மகப்பேற்று விடுமுறை முடிந்து திரும்பும் தாயை முதல் மாதத்தில் இரவுக் கடமைக்குப் போடாதீர்கள். பாலெடுப்பதற்குத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் சிறு குளிர்சாதனப் பெட்டியும் போதும். தாய்ப்பாலின் சிறப்பைத் தாய்மாருக்கு நாள் முழுவதும் சொல்லிக்கொடுக்கிற தாதி, தன் பிள்ளைக்கான பாலைக் கழிப்பறையில் நின்று எடுக்கும்படி விடுவதற்கு எந்த நிருவாகமும் சமாதானம் சொல்ல இயலாது.

கணக்கில் வராத மொழி வேலை

கொழும்பு வைத்தியசாலைகளில் தமிழ் பேசும் ஊழியர்கள் மேல் ஒரு கூடுதல் சுமை இருக்கிறது. ஊழியர் நலன் பற்றிய பேச்சுகளில் அது அரிதாகவே இடம்பெறுகிறது. வடக்கு, கிழக்கு, மலையகம் எங்கும் இருந்து நோயாளிகள் சிறப்புச் சிகிச்சைக்காகத் தலைநகருக்கு வருகிறார்கள். வைத்தியருக்குத் தமிழும் நோயாளிக்குச் சிங்களமும் தெரியாத வேளையில், அருகிலிருக்கும் தமிழ் தெரிந்த எவரேனும் அழைக்கப்படுகிறார்: தாதி, மருந்தாளர், சில வேளைகளில் தரை துடைத்துக்கொண்டிருக்கும் பெண். அவருடைய சொந்த வேலை அப்படியே நிற்கிறது. பின்னர் அதைத் தாமதமாக முடித்ததற்கும் அவரே பதில் சொல்கிறார்.

அதைவிடக் கடினமானது, அவர் வாயிலிருந்து வெளிவரும் சொற்கள். புற்றுநோய் பரவிவிட்டது, பிள்ளை பிழைக்காது, காலை எடுக்க வேண்டும் என்ற செய்திகளை நோயாளியின் முகம் பார்த்து முதலில் சொல்பவர் அவர்தான். அதற்கான பயிற்சியோ சொல்லியபின் சாய்ந்து அமர ஓர் இடமோ அவருக்குக் கொடுக்கப்படுவதில்லை. உறவினர்கள் அவரைத் தம்மவராகக் கண்டு, வைத்தியர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்று படிக்கட்டில் மறித்துக் கேட்பதும் உண்டு.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. மொழிபெயர்ப்புக்கு அழைக்கப்படும் ஒவ்வொரு தடவையையும் ஒரு மாதத்துக்குக் குறித்து வைத்தால், எந்தப் பிரிவில் எவ்வளவு தேவை என்பது தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு கடமை நேரத்துக்கும் மொழி உதவிக்கு ஒருவரைப் பட்டியலில் பெயர் குறித்து ஒதுக்கி, அவருக்கு ஒரு கொடுப்பனவும், அந்த நேரத்தில் குறைவான நோயாளிகளும் வழங்குங்கள். துயரச் செய்தியை மொழிபெயர்க்கும்படி எவரையும் வழியில் மறித்து அழைக்காமல், வைத்தியர் முன்கூட்டியே இரண்டு நிமிடம் அவருடன் அமர்ந்து என்ன சொல்லப் போகிறேன் என்று விளக்குவதும், முடிந்தபின் அவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதும் வழக்கமாக வேண்டும். துப்புரவுப் பணியாளரை இதற்குப் பயன்படுத்துவதை முற்றாக நிறுத்துங்கள். அது அவருக்கும் அநீதி, நோயாளியின் அந்தரங்கத்துக்கும் கேடு.

மனம்

பரிவான தலைமைத்துவத்தை ஆராய்ந்த பிரித்தானியப் பேராசிரியர் மைக்கல் வெஸ்ட் அதை நான்கு செயல்களாகப் பிரிக்கிறார்: கவனித்தல், விளங்கிக்கொள்ளுதல், மற்றவரின் நிலையை உணர்தல், உதவுதல். நம் மேற்பார்வையாளர்களில் நல்லவர்கள் முதல் மூன்றையும் இயல்பாகவே செய்கிறார்கள். பாவம் பிள்ளை என்று மனமார இரங்குகிறார்கள். நான்காவதற்கான அதிகாரம் அவர்களிடம் இருப்பதில்லை. அழுதுகொண்டு வந்த தாதியை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பவோ, ஒரு வாரத்துக்கு இலகுவான விடுதிக்கு மாற்றவோ பொறுப்புத் தாதிக்கு நேரடி அதிகாரம் கொடுங்கள். மேலிடத்தின் கையொப்பம் வரும்வரை காக்க வேண்டியிருந்தால் இரக்கம் இரக்கமாகவே நின்றுவிடும்.

மருந்துத் தவறு போன்ற ஒன்றில் சம்பந்தப்பட்ட ஊழியர், நோயாளிக்கு அடுத்தபடியாக அந்நிகழ்வால் பாதிக்கப்படுபவர் என்பதை அமெரிக்க மருத்துவர் அல்பர்ட் வு 2000ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். நோயாளியின் பாதுகாப்பை உறுதிசெய்த கையோடு அந்த ஊழியரைக் கடமையிலிருந்து விடுவித்து, அது தண்டனை அல்ல என்பதை அவரிடமும் மற்றவர்களிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவரோடு ஒருவர் இருக்கட்டும். விசாரணை நடத்துபவரும் துணை இருப்பவரும் ஒரே ஆளாக இருக்கலாகாது. அடுத்து என்ன நடக்கும், எப்போது வாக்குமூலம் கேட்கப்படும், யாரெல்லாம் வாசிப்பார்கள் என்பவற்றைத் தெரிவியுங்கள். பலரை உறங்கவிடாமல் செய்வது அந்தத் தெரியாமைதான். மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு வாரத்தின் பின் இன்னொன்று. நோயாளர் விடுதியின் நடுவில் நின்று உரத்த குரலில் விளக்கம் கேட்கும் பழக்கம் மூத்த வைத்தியர்கள் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அதைப் பணிப்பாளர் மட்டத்தில் நேரில் பேசித்தான் நிறுத்த முடியும், சுற்றறிக்கையால் நிற்காது.

2019 ஏப்ரல் 21ஆம் திகதித் தாக்குதல்களுக்குப் பின் கொழும்பின் சுகாதார ஊழியர்கள் கண்டவற்றைப் போன்ற பேரனர்த்தங்களில், எல்லோரையும் ஓர் அறையில் அமர்த்தி நடந்ததை விவரிக்கச் சொல்வது நல்லது என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. கட்டாயமான ஒற்றை அமர்வாக அதை நடத்துவதால் பின்வரும் மனவடு நோய் தடுக்கப்படுவதில்லை என்றும் சிலருக்குத் தீங்கு நேரலாம் என்றும் இப்போது அறியப்பட்டிருக்கிறது. உளவியல் முதலுதவி வேறு வகையானது: தேவையைக் கவனித்தல், பேச விரும்புவோரை நெருக்காமல் கேட்டல், உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்தல். சாப்பாடு, வீட்டுக்குப் போக வாகனம், குடும்பத்தோடு பேசத் தொலைபேசி ஆகியவையே முதல் இரவில் பெரிய உதவி.

சாதாரண நாட்களின் துயரத்துக்கு வேறொரு முறை பொருந்தும். பொஸ்டன் நகரில் புற்றுநோயால் 1995இல் இறந்த கென்னத் ஷ்வாட்ஸ் என்ற சட்டத்தரணியின் பெயரால் அமைந்த கூட்டங்களில், மாதமொருமுறை வைத்தியர், தாதி, உதவியாளர் எனப் பல தரத்தினரும் ஒரு மணித்தியாலம் கூடி, ஒரு நோயாளியைப் பராமரித்தபோது தங்கள் மனத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் பேசுகிறார்கள். சிகிச்சை சரியா பிழையா என்ற வாதம் அங்கே இல்லை. நம் சூழலில் இதை நடத்துவதானால் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். மூத்தவர் முதலில் தம் சொந்தக் கஷ்டத்தைப் பேசாவிட்டால் இளையவர் எவரும் வாய் திறக்க மாட்டார். மூத்தவர் அறிவுரை சொல்லத் தொடங்கினாலும் அதே கதிதான். அவரவர் நினைக்கிற மொழியில் பேச விடுங்கள். துயரத்தை இரண்டாம் மொழியில் சொல்லச் சொன்னால் அறிக்கை மட்டுமே கிடைக்கும்.

ஆலோசகர் வைத்தியசாலைக்கு வெளியே இருப்பது நல்லது. கொழும்பில் தமிழ் பேசும் சுகாதார ஊழியர்களின் வட்டம் சிறியது; மனநல மருத்துவரின் அறை வாசலில் கண்ட செய்தி அன்று மாலையே வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்ற அச்சம் காரணமற்றது அல்ல. வெளியிலுள்ள தமிழ் தெரிந்த ஆலோசகர் ஒருவரோடு ஒப்பந்தம் செய்து, யார் வந்தார் என்ற விபரமின்றி எண்ணிக்கையை மட்டும் கணக்கில் காட்டும்படி கட்டணப் பட்டியலைப் பெறுங்கள். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை உடைமாற்றும் அறையில் ஒட்டி வையுங்கள். தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாக எவரேனும் சொன்னால், அல்லது அப்படி ஐயம் தோன்றினால், வெளிப்படையாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படுவதில்லை. அவரைத் தனியே விடாமல் அன்றே மனநல சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மயக்க மருந்துகளும் வலிநிவாரணிகளும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள தொழில் இது என்பதால் நாளை பார்க்கலாம் என்று தள்ளலாகாது.

உறவினர்களின் ஆத்திரம்

நோயாளியின் உறவினர் தாதியரைத் திட்டுவதும் சில வேளைகளில் கைநீட்டுவதும் நடக்கிறது. காத்திருப்பு நீள்வதும் எவரும் விளக்கம் சொல்லாததும் பெரும்பாலும் அதன் முன்னோடிகள். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை வெளியே வந்து இரு மொழிகளிலும் நிலைமையைச் சொன்னாலே பாதி தணியும். மீறி நடந்தால் பொலிஸ் முறைப்பாட்டை நிறுவனம் தன் பெயரில் செய்ய வேண்டும். அடிபட்ட தாதியைத் தனியே பொலிஸ் நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, வாடிக்கையாளரை இழக்க வேண்டாம் என்று நிருவாகம் மௌனமாக இருந்தால், அந்த மௌனத்தை மற்ற ஊழியர் எவரும் மறக்கமாட்டார்கள்.

அளத்தலும் செலவும்

நான்கு எண்களை மாதந்தோறும் எழுதி வந்தால் போதும்: 11 மணித்தியாலத்துக்குக் குறைந்த இடைவெளியில் மீண்டும் அழைக்கப்பட்டவர்கள், கொடுக்கப்படாமல் நிலுவையிலுள்ள ஈட்டு விடுமுறைகள், ஊசி குத்திய சம்பவங்கள், வேலையை விட்டு விலகியவர்கள். இவற்றில் ஊசிச் சம்பவங்களின் எண்ணிக்கை முதல் சில மாதங்களில் உயர்ந்தால் கவலைப்பட வேண்டாம். மறைத்தவர்கள் இப்போது சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள் என்றே அதைப் பெரும்பாலும் கொள்ளலாம். பணிச்சோர்வுக் கேள்விக்கொத்தை வருடம் ஒருமுறைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

நிதி போதாதென்றால் முதலில் கடமைப் பட்டியலையும், இரண்டாவதாக ஓய்வறையையும் இரவு உணவையும், மூன்றாவதாக வெளி ஆலோசகரையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதற்குப் பணத்தைவிடப் பொறுமையே அதிகம் தேவை. துப்புரவு, பாதுகாப்பு, சமையல் பணிகளுக்கான ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும் மாதம் எதுவென்று பாருங்கள். தடுப்பூசிச் செலவு யாருடையது, நோய் விடுமுறைக்குச் சம்பளம் வெட்டப்படுமா, உங்கள் ஓய்வறையையும் ஆலோசகரையும் அந்தப் பணியாளர்களும் பயன்படுத்தலாமா என்ற மூன்று கேள்விகளுக்கான விடையை ஒப்பந்த வரைவில் எழுதிச் சேர்க்கும்படி, விலைமனு கோருவதற்கு முன்பே கொள்வனவுப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்துவிடுங்கள்.